வீட்டுச் சாப்பாடு நல்லதுதான்... நாலரை மணிக்கு எழுந்திருப்பது யாரு?

செமஸ்டர் லீவுக்கு சங்கரன்கோவில் வந்து பத்து நாளாச்சு. வந்த அன்றைக்கே எழுத நினைத்த பதிவு இது. கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் சூடாகவே பரிமாறுகிறேன் :-)

விஷயம் இதுதான். என் அம்மா ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். ஊர் பெயரும் பள்ளி பெயரும் வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெற்றோர் கூட்டம். சிறப்பு விருந்தினராக வந்த ஒருவர் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் "ஆரோக்கியமான வீட்டு உணவு" பற்றிப் பேசியிருக்கிறார். பாக்கெட் தின்பண்டம் விஷம், பரோட்டா விஷம், நம் பாட்டிமார்கள் கம்பும் கேழ்வரகும் கொடுத்து வளர்த்தார்கள், எல்லாம் சரி. கடைசியில் ஒரு முத்து உதிர்த்தாராம்: "இந்தக் காலத்து அம்மாக்களுக்குச் சோம்பேறித்தனம். காலையில் ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்தால் போதும், பிள்ளைகள் ஏன் கடைக்கு ஓடுது?"

மேடையில் வகுப்பாசிரியர்கள் வரிசையில் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள். கீழே, விடியுமுன் பூப்பறித்துவிட்டு அப்படியே கூட்டத்துக்கு வந்த தாய்மார்கள். எல்லோரும் கைதட்டினார்களாம். "நீயும் தட்டினியாம்மா?" என்று கேட்டேன். "என்ன செய்யச் சொல்லுத, மேடையில இருந்துகிட்டு?" என்றாள்.

அந்தக் கைதட்டலுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த "ஒரு மணி நேரம் முன்னாடி" கணக்கைப் பார்ப்போம். அம்மா எழுந்திருப்பது நாலரைக்கு. ஐந்துக்குள் வாசல் தெளித்துக் கோலம், பால், ஒரு அடுப்பில் உலை, இன்னொன்றில் இட்லி. ஆறரைக்குள் சோறு, குழம்பு, ஒரு பொரியல். அப்பாவுக்கு ஒரு டப்பா, தங்கச்சிக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஒன்பது மணி பிரேயருக்குள் வருகைப் பதிவை செயலியில் ஏற்ற முடியும். பிறகு எட்டு பீரியட். ஓய்வு பீரியட் என்று கால அட்டவணையில் ஒன்று இருக்கும், அன்றைக்கு லீவு போட்ட யாரோ ஒருவருக்குப் பதிலாக அதுவும் போய்விடும். மதியம் எமிஸ் தளத்தில் ஏதாவது விவரம் ஏற்றச் சொல்லி வாட்ஸ்அப் வரும். மாலையில் பத்தாம் வகுப்புக்கு சிறப்பு வகுப்பு. ஆறரைக்கு வீடு. இரவுச் சமையல், மாவாட்டு, அதற்குப் பிறகு பரீட்சைப் பேப்பர் கட்டு.

இதில் அவள் காலையில் சாப்பிடும் நேரம் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். நானும் தேடினேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ஒரு வாழைப்பழம். சில நாள் அதுவும் கைப்பையிலேயே கறுத்துப்போய்த் திரும்பி வரும். எட்டாம் வகுப்பில் சரிவிகித உணவு பாடம் நடத்துகிற டீச்சருக்கு அல்சர். என்ன கொடுமை சார் இது.

இதைச் சொன்னதும் "நீ வீட்டுச் சமையலுக்கு எதிரியா?" என்று யாராவது வருவீர்கள். இல்லை சாமி. நெல்லைச் சீமைச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கிற ஜாதி நானில்லை. தொலி உளுந்தும் அரிசியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து வேகவைத்த உளுந்தஞ்சோறு, பக்கத்தில் எள்ளுத் துவையல். காயும் பருப்பும் முருங்கைக்கீரையும் அரிசியும் ஒரே பானையில் போகிற கூட்டாஞ்சோறு. கரிசல் பக்கத்துக் கம்மங்கஞ்சி, தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிக் கொடுக்கிற உளுந்தங்களி. அந்தக் கடைசி ஒன்றை மட்டும் கவனியுங்கள். வளர்கிற பிள்ளைக்கு அந்த வயதில்தான் உடம்புக்குத் தனியாகத் தீனி வேண்டும் என்று எந்தப் புத்தகமும் படிக்காமல் நம் ஆச்சிமார்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

ஆக, சாப்பாட்டின் மேல் எனக்குச் சண்டை இல்லை. அதைச் செய்கிற ஆளின் தூக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் அறிவுரை சொல்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை. 2024-ல் மத்திய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். அதே வேலையில் கைவைக்கிற ஆணுக்கு 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறவளிடம்தான் அந்த விருந்தினர் இன்னும் ஒரு மணி நேரம் கேட்டார்.

என் அம்மாவுக்காவது மாதச் சம்பளம், கேஸ் அடுப்பு, கிரைண்டர் எல்லாம் இருக்கிறது. அவள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு? எங்கள் பக்கம் மல்லிகை விளைகிற பூமி. மொட்டு விரிவதற்கு முன்னால் பறித்தாக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் பூ மார்க்கெட்டுக்கு வந்தாக வேண்டும். அதனால் பூப்பறிக்கப் போகிறவள் இருட்டோடு கிளம்பிவிடுவாள். பிள்ளை எழும்போது அம்மா வீட்டில் இல்லை, செடி வரிசையில் இருக்கிறாள். சங்கரன்கோவிலைச் சுற்றி விசைத்தறி. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படுத்த தகப்பன் எழுந்திருக்க மாட்டார். திருவேங்கடம் பக்கம் போனால் தீப்பெட்டி வேலை. அந்த வீடுகளில் காலை ஏழு மணிக்கு அடுப்பு மூட்டுவது யார்? பதிமூன்று வயது அக்காதான். அவளே தம்பிக்கு முகம் கழுவி, தலை சீவி, பையை மாட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவாள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

அம்மா பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சுவரில் தொடக்கப் பள்ளி. அங்கே காலை எட்டேகாலுக்கு முதலமைச்சரின் காலை உணவு. உப்புமா, கிச்சடி, பொங்கல், நாளுக்கு ஒன்று, கூடவே சாம்பார். அக்கா தம்பியைக் கொண்டுவந்து விடுவாள். தம்பி தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காருவான். அக்கா கம்பிக் கதவுக்கு வெளியே நின்று அவன் சாப்பிட்டு முடிக்கிறதைப் பார்த்துவிட்டு, தன் வகுப்புக்கு வருவாள். அவள் ஏழாம் வகுப்பு. அவளுக்கு அந்தத் தட்டு கிடையாது.

அம்மா இதை என்னிடம் சொன்னபோது, "அங்க சமைக்கிற அக்கா ஒரு கரண்டி கொடுக்கலாமே" என்றேன். "அவளுக்குத் தலைக்கணக்கு இருக்குல்லா. கொடுத்தா இன்னொரு பிள்ளைக்குக் குறையும்" என்றாள். சமைக்கிறவள் மேல் தப்பில்லை. கோடு போட்டது அவள் இல்லை.

அந்தக் கோட்டைக் கொஞ்சம் பார்ப்போம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், மொத்தம் 31,008 பள்ளிகள். 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள் அன்று, ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு. 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு. நல்ல திட்டம். நான் கைதட்டுவேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தொடக்கத்திலும் சரி, மூன்று விரிவாக்கங்களிலும் சரி, கூடியது பள்ளிகளின் எண்ணிக்கை. வகுப்பு எல்லை கூடவில்லை. ஒன்று முதல் ஐந்து என்று போட்ட கோடு அப்படியே இருந்தது. ஒன்று முதல் எட்டு வரை இருக்கிற ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். ஒரே வளாகம், ஒரே மணி. ஏப்ரல் மாதம் வரை சாப்பிட்ட பிள்ளை, லீவு முடிந்து ஆறாம் வகுப்பில் உட்கார்ந்ததும் வரிசையிலிருந்து வெளியே.

அந்த லீவில் அந்தப் பிள்ளையின் பசி எங்கே போனது? உடம்பு என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஐ.சி.எம்.ஆர். சார்பில் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில் இரும்புச்சத்துக் கணக்கு மட்டும் இது: 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம். 10 முதல் 12 வயதுப் பெண்ணுக்கு 28. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு 30, பையனுக்கு 22. அதாவது பெண் பிள்ளைக்குத் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிற வயதில், சரியாக அந்த இடத்தில், நாம் தட்டை எடுத்துக்கொள்கிறோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. பாதிக்கு மேல்! நம் வகுப்பில் நாற்பது பெண்கள் இருந்தால் இருபதுக்கும் மேல். தோழிகளே, நீங்கள்தான்.

இதற்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை பள்ளியிலேயே கொடுக்கிறார்கள். ஆனால் அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால் சாப்பிட்ட பிறகுதான் போடச் சொல்வார்கள். காலையில் டீயும் வருக்கியுமாக வந்த பிள்ளை மதியச் சோற்றில் பாதியைக் கொட்டிவிட்டு மாத்திரையையும் போட்டால் வாந்தி வராமல் என்ன வரும்? ஒரு முறை குமட்டிய பிள்ளை அடுத்த வாரம் வாங்கி, வாயில் போடுவது போல் காட்டிவிட்டு, ஜன்னல் வழியே எறிந்துவிடும். இன்னொன்று, சாப்பாட்டோடு குடிக்கிற டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை சேர்த்தால் நன்றாகச் சேரும். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது டீ.

"பெரிய பிள்ளைகள்தானே, பசித்தால் கேட்க மாட்டார்களா?" என்று ஒரு கேள்வி வரும். மாட்டார்கள். பதின்வயசுப் பிள்ளைகளோடு ஒரு வாரம் இருந்து பாருங்கள், தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பசித்தால் அழும். ஒன்பதாம் வகுப்புப் பையன் பசித்தால் சண்டை போடுவான், மேஜையில் தலை சாய்ப்பான், கேள்வி கேட்டால் முறைப்பான். அம்மா சொல்கிற ஒரு உரையாடலை அப்படியே தருகிறேன்.

"காலையில என்னல சாப்ட்ட?"

"சாப்ட்டேன் டீச்சர்."

"அதான், என்ன சாப்ட்ட?"

"...சாப்ட்டேன் டீச்சர்."

அதற்குமேல் கேட்டால் முகம் இறுகிவிடும். நாலு பேர் முன்னால் "எங்க வீட்டுல அடுப்பு மூட்டல" என்று சொல்ல எந்தப் பதினாலு வயதுக்காரனும் தயாராக இல்லை. முதல் மூன்று நான்கு வருஷம் அம்மாவும் திட்டித்தான் பார்த்தாளாம். "படிக்க வந்தியா, தூங்க வந்தியா" ரகத் திட்டு. அப்புறம்தான் புரிந்ததாம், திங்கட்கிழமை முதல் பீரியடில் தூங்குகிறவனும் வெள்ளிக்கிழமை தூங்குகிறவனும் அதே ஆட்கள் என்று.

அதன் பிறகு அவள் செய்த வேலை ஒன்று. பெரிய எவர்சில்வர் டப்பாவில் பொரிகடலையும் வறுத்த நிலக்கடலையும் கொஞ்சம் உடைத்த கருப்பட்டியும். யாருக்கும் "பசிக்கிறதா" என்று கேட்டுக் கொடுப்பதில்லை. தூங்கி விழுகிறவனையே கூப்பிட்டு, "ஏலே, இதைக் கொண்டுபோய் எல்லாருக்கும் ஒரு பிடி கொடு, மிச்சத்தை நீயே வச்சுக்கோ, டப்பாவைக் கழுவிக் கொண்டா" என்பாள். கொடுக்கிற கை அவனுடையதாகிவிட்டால் வெட்கம் போய்விடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. டப்பா கழுவுகிற வேலைக்கு இப்போது போட்டி நடக்கிறதாம் :-)

படிக்கும்போது நெகிழ்ச்சியாக இருக்கிறதா? தயவுசெய்து நெகிழாதீர்கள். இந்த மாதிரிக் கதைகளைப் படித்து நெகிழ்ந்து, "இப்படியும் ஒரு ஆசிரியை" என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறோம், அதுதான் பிரச்சினை. ஒரு டீச்சர் டப்பா ஒரு வகுப்புக்கு வரும். அவள் லீவு போட்ட அன்றைக்கு வராது. டிரான்ஸ்பர் ஆனால் மொத்தமாகப் போச்சு. ஒரு தனி மனுஷியின் நல்ல மனசை நம்பி ஒரு தலைமுறையின் காலைச் சாப்பாட்டை விடக் கூடாது.

கூட்டத்தில் பேசியவர் பாக்கெட் தின்பண்டத்தைத் திட்டினார் அல்லவா? 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட விதிப்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமான தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் எட்டரை மணிக்கு ஐந்து ரூபாயோடு நிற்கிற பிள்ளைக்கு அந்தப் பாக்கெட்டைத் தவிர வேறு என்ன கிடைக்கிறது? கடையை 51-வது மீட்டருக்குத் தள்ளிவிட்டால் பசி தள்ளிப் போகாது. பக்கத்தில் சூடாக ஒரு தட்டு பொங்கல் இருந்தால் பாக்கெட்டின் பாதி வியாபாரம் தானாகப் படுத்துவிடும்.

இனி, வழக்கமான மறுப்புகள்.

ஒன்று, "காசுக்கு எங்கே போவது?" இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட காலத்திலிருந்து இருக்கிறது. 1956-ல் காமராஜர் நம் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோதும் இருந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கியபோது "வீண் செலவு" என்று பொருளாதாரம் படித்தவர்கள் நிறையப் பேர் சொன்னார்கள். அப்போதும் முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், 9 வயது வரை. ஆனால் 1984-லேயே அதை 15 வயது வரை நீட்டினார்கள். இரண்டே வருஷம்! 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்கச் சொன்னபோது, நாம் பல வருஷமாகச் சாப்பிட்டுக் கைகழுவியிருந்தோம். மதியத் தட்டுக்கு இரண்டு வருஷத்தில் அழிந்த கோடு காலைத் தட்டுக்கு ஏன் அழியக் கூடாது? பின்லாந்தில் 1948-லிருந்து பள்ளியில் இலவசச் சாப்பாடு. அங்கே மேல்நிலைப் பிள்ளைகளுக்கும் உண்டு. பணக்கார நாடு என்பீர்கள். உலகப் போரில் அடிபட்டு எழுந்த நேரத்தில் தொடங்கிய நாடு அது.

இரண்டு, "ஆசிரியர்களுக்கு இன்னொரு சுமையா?" இந்தக் கேள்வி நியாயமானது. பதில்: ஆசிரியர் கையில் கொடுக்கவே கூடாது. பத்தாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடு போடுகிற பள்ளிகளில் அடுப்பும் சமையற்கூடமும் ஏற்கெனவே இருக்கிறது. காலை உணவை ஊரகப் பகுதிகளில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். அதே வழியில், கூலியோடு, கூடுதல் ஆட்களோடு நீட்டினால் போதும். நூறு வீட்டில் நூறு பெண்கள் தூக்கத்தைக் கெடுத்துச் செய்கிற வேலையை, நாலு பேர் சம்பளத்துக்குச் செய்வார்கள். சுமையைக் குறைக்கிற யோசனையே இதுதான்.

மூன்று, "அம்மா கையால் சாப்பிட்டால்தானே பாசம்?" இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சமைக்காதவர்கள். ஆடித்தபசுக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள். அன்னதானப் பந்தியில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. கேட்டு வாங்குகிறவன், கேட்க வெட்கப்படுகிறவன் என்ற பேச்சே அங்கே இல்லை. என் அம்மா ஆறரை வரை தூங்கி எழுந்தாள் என்றால் எங்கள் மேல் இன்னும் கொஞ்சம் பாசமாகத்தான் இருப்பாள் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒரு வாக்குமூலம். பன்னிரண்டாம் வகுப்பு வரை என் டப்பாவை நான் ஒரு நாள்கூடக் கழுவியதில்லை. சோறு மிச்சம் இருந்தால் மூடி அப்படியே சிங்கில் வைத்துவிடுவேன். காய் பிடிக்கவில்லை என்று முகம் சுளித்த நாட்கள் எத்தனையோ. இதையெல்லாம் செய்துவிட்டு இன்றைக்கு இங்கே புரட்சி பேசுகிறேன். அதனால் இந்த லீவில் ஒரு வேலை எடுத்துக்கொண்டேன். வாரத்தில் மூன்று நாள் காலைச் சமையல் என்னுடையது. வகுப்புத் தோழர்களே, உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இது ஒன்றும் ராக்கெட் இல்லை. உளுந்தஞ்சோறு: ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் தொலி உளுந்து. உளுந்தை வாசம் வர லேசாக வறுத்து, அரிசியோடு கழுவி, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு கை தேங்காய்த் துருவல், உப்பு, நாலு டம்ளர் தண்ணீர். குக்கரில் நாலு விசில். வறுத்த எள், வத்தல், புளி, உப்பு சேர்த்து அரைத்தால் துவையல். முப்பது நிமிஷம். முதல் நாள் தண்ணீர் அதிகமாகிக் களியாகிவிட்டது, அதையும் சாப்பிட்டார்கள். அந்த மூன்று நாளும் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள். இத்தனை வருஷத்தில் அவள் காலையில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது இப்போதுதான்.

ஆனால் நான் சமைத்தால் எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும்தான் தீரும், அதுவும் லீவு முடிகிற வரைக்கும். கம்பிக் கதவுக்கு வெளியே நிற்கிற அந்த ஏழாம் வகுப்பு அக்காவுக்கு என் உளுந்தஞ்சோறு போகாது. அவளுக்கு வேண்டியது உள்ளே ஒரு தட்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, கேட்காமலே கிடைக்கிற தட்டு. கூட்டம் போட்டுப் பேசுகிற பெரியவர்களே, அடுத்த முறை மைக் கிடைத்தால் அம்மாக்களைத் திட்டுகிற நேரத்தில் இதைக் கேளுங்கள். அப்போது நான் முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

பி.கு.: இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுது, ஆனா என் அல்சரை எழுதாத" என்றாள். மன்னிச்சுக்கோம்மா. உங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்திருப்பது யார், கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று பின்னூட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ரெண்டும் ஒரே ஆளாக இருந்தால் பேர்கூட வேண்டாம், எனக்கே தெரியும்.